துடைத்தும் போகாத மஞ்சள்

என் ஆண் பிள்ளைகள் இரண்டு பேர் விழுப்புரம் கல்லறைத் தோட்டத்தில் பக்கம் பக்கமாகக் கிடக்கிறார்கள். ஒருவன் நான்கு நாள் இருந்தான். அடுத்தவன் மூன்று நாள்கூட முழுதாக இருக்கவில்லை. இரண்டு பேருமே உடம்பெல்லாம் மஞ்சளாகி, பால் குடிக்காமல், முதுகை வில்லாக வளைத்து, கீச்சென்று அழுதே போனார்கள். இன்னொரு பிள்ளையைப் புதைக்க என்னால் முடியாது என்று ஆண்டவரிடம் சண்டை போட்ட நாட்களைச் சபையாருக்குச் சொல்ல வந்திருக்கிறேன். இதில் என் வெட்கமும் இருக்கிறது. அதை மறைத்தால் இது சாட்சியாகாது.

என் கணவர் ஆசீர்வாதத்துக்கு விழுப்புரத்தில் ரயில்வே வேலை. அவருடைய அக்கா ஞானசுந்தரி எங்களோடுதான் இருந்தார். கல்யாணமான ஆறாம் மாதம் காலராவில் கணவனைப் பறிகொடுத்தவர். பிள்ளை இல்லை. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? என் மூத்த மகள் எஸ்தர் கிளியனூரில் என் அம்மா வீட்டில் பிறந்தாள். கொழுகொழுவென்று இருந்தாள், ஒரு குறையும் இல்லை. அடுத்த இரண்டு பிரசவமும் விழுப்புரம் வீட்டில். இரண்டிலும் அண்ணிதான் பிள்ளையை முதலில் கையில் வாங்கினார். இரண்டும் போய்விட்டன. என் புத்தி கணக்குப் போட்டுவிட்டது. வேதம் வாசிக்கிறவள், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், நான்தான் அந்தக் கணக்கைப் போட்டேன்.

அண்ணி அடுப்படியில் இருக்கிறார் என்று தெரிந்தே என் கணவரிடம் சத்தமாகச் சொன்னேன். "உங்க அக்கா கண்ணுல படாத புள்ள நல்லாக்கீது. பட்ட ரெண்டும் போச்சு."

அண்ணி அதைக் கேட்டுவிட்டார். அந்த வாரமே திண்டிவனத்தில் ஒரு பள்ளி விடுதிக்குச் சமையல் வேலைக்குப் போய்விட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆம், நிம்மதியாகத்தான் இருந்தது.

அது அறுபத்திரண்டாம் வருஷம். நான்காவது முறை உண்டானதும் நேராகக் கிளியனூர் போய்விட்டேன். அண்ணிக்குச் சொல்லி அனுப்பக் கூடாது, அவர் வரவும் கூடாது என்று கணவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஐப்பசி மழையில் பையன் பிறந்தான். நல்ல நிறம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். கிறிஸ்தவர்களானாலும் பச்சைப் பிள்ளைக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுகிற வழக்கத்தை எங்கள் வீட்டில் விடவில்லை. அம்மா அப்படித்தான் குளிப்பாட்டினாள். அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை திண்டிவனத்திலிருந்து எங்கள் சபை நர்ஸ் ஜெபம் பண்ண வந்தார். குழந்தையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஈரத் துணியால் நெற்றியைத் துடைத்தார். துணியில் மஞ்சள் வந்தது. இன்னொரு துணி வாங்கி மறுபடியும் துடைத்தார். துணி வெள்ளையாக இருந்தது. என் பிள்ளை மஞ்சளாகவே இருந்தான்.

"இது பூசுன மஞ்சள் இல்லம்மா. ஜல்தியா பாண்டிச்சேரிக்குக் கெளம்புங்க" என்றார்.

பிள்ளையைப் பார்க்க வந்திருந்த கணவரோடு, பிரசவித்த இரண்டாம் நாள் உடம்போடு பஸ் ஏறினேன். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்கள் இருவர் ரத்தத்தையும் குழந்தையின் ரத்தத்தையும் சோதித்தார். பிறகு என்னை உட்காரவைத்துச் சொன்னார். என் கணவர் ரத்தத்தில் இருக்கிற ஒரு பொருள் என் ரத்தத்தில் இல்லையாம். பிள்ளைகளுக்கு அது அப்பாவிடமிருந்து வந்திருக்கிறதாம். முதல் பிரசவத்தில் என் உடம்பு அதை அந்நியம் என்று தெரிந்துகொண்டதாம். அதன் பிறகு வயிற்றில் வந்த பிள்ளைகளின் ரத்தத்தை என் ரத்தமே அழித்திருக்கிறதாம்.

"அப்போ யார் கண்ணும் படலியா டாக்டரம்மா?"

"கண்ணா? யார் கண்ணும் இல்ல. இது ரத்தத்தோட சமாச்சாரம்மா."

அந்த வார்த்தையைக் கேட்டு நான் நொறுங்கிப்போனேன். பத்து மாதம் சுமந்த வயிற்றுக்குள்ளேயே கொலை நடந்திருக்கிறது. நானோ பழியைத் தூக்கி ஒரு அநாதை மேல் போட்டேன்.

குழந்தையின் ரத்தத்தை எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்ற வேண்டும், அதுவும் என்னைப் போல அந்தப் பொருள் இல்லாத ரத்தமாக, சாயங்காலத்துக்குள் கிடைத்தால் நல்லது என்றார் டாக்டரம்மா. என் ரத்தம் ஆகாது, அதில்தான் விஷமே இருக்கிறது. நம் பக்கத்தில் அந்த வகை அபூர்வம். ரத்தம் கொடுத்தால் பலம் போய்விடும் என்று பயந்து என் தம்பி ஆஸ்பத்திரியை விட்டே ஓடிவிட்டான். சபையிலிருந்து மூன்று பேர் துணிந்து கை நீட்டினார்கள். மூன்றும் பொருந்தவில்லை.

வராந்தாவில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும். யாராயிருந்தாலும் சரி" என்றேன். அப்படிச் சொன்னபோதே ஒரு முகம் மனதில் வந்தது. அந்த முகத்தைத் தள்ளிவிட்டேன். மறுபடியும் வந்தது. அதற்கு மேல் எனக்கு ஜெபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

அப்போது என் கணவர் வந்தார். "அக்கா வந்துக்குது. அந்த நர்ஸம்மா திண்டிவனம் திரும்பிப் போயி, புள்ளைக்கு ரத்தம் வேண்டியிருக்கும்னு சொல்லிட்டாங்களாம். கேட்டுக்கு வெளிய நின்னுக்கினு இருக்குது. நீ சொன்னாத்தான் உள்ள வருமாம்."

சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். பிற்பகல் வெயிலில் அண்ணி நின்றிருந்தார். முந்தானையை இழுத்து முகத்தை மூடியிருந்தார்.

"புள்ளய நான் பாக்க மாட்டேன் லீதியா. பாக்காமலே குடுத்துட்டுப் போயிடறேன். எவ்ளோ வேணுமோ எடுத்துக்கச் சொல்லு."

அவர் காலில் விழுந்தேன். எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? அவர் பதறிப்போய், பச்சை உடம்புக்காரி குனியக் கூடாது என்று என்னைத் தூக்கினார்.

அவர் ரத்தம் பொருந்தியது! ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுக்கும் தம்பிக்கும் ரத்தம் வேறாக இருக்கலாம் என்று டாக்டரம்மா விளக்கினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. தொப்புள் வழியாகச் சின்ன ஊசிக்குழலில் கொஞ்சம் எடுப்பதும் கொஞ்சம் விடுவதுமாக வெகுநேரம் நடந்தது. அடுத்த இரண்டு நாளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் பையன் வாய் திறந்து பால் குடித்தான்.

அவனை அண்ணி மடியில் வைத்தேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "கண்ணத் தொறந்து பாருங்க அண்ணி" என்று கெஞ்சினேன். அவர் திறக்க வெகுநேரம் ஆனது.

அந்தப் பையன் தேவதாசுக்கு இப்போது ஐந்து வயது. அண்ணி எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். இனி எனக்குப் பிள்ளைப்பேறு வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். முதல் இரண்டு பையன்களை ஏன் எடுத்துக்கொண்டீர் என்று இன்றும் கர்த்தரைக் கேட்கிறேன். பதில் வரவில்லை. ஆனாலும் அவரை விட்டு எங்கே போவேன்?

சபையாரே, நம்பிக்கையோடு ஜெபியுங்கள். ஆனால் எழுந்திருக்கும் முன் யாரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஜெபிக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் கேட்ட உதவி அங்கேயே கால் கடுக்க நிற்கலாம். போய் உள்ளே கூப்பிடுங்கள்.