அவள் சொல்லாத பெயர்

என் மனைவி என் பெயரைச் சொன்னதே இல்லை. கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து மந்தைவெளிக்கு வந்த நாள் முதல் நான் அவளுக்கு ‘ஏங்க’தான். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடும் என்று என் மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார். ரேஷன் கடையில் கேட்டால்கூட, நங்கநல்லூர் கோயிலில் ஒசரமாக நிற்கிறாரே, அவர் பேருதான் என்பாள். தி.நகரில் எங்கள் ஜவுளிக்கடையில் இதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்யாத ஆளே கிடையாது. வெளியே சிரித்துக்கொள்வேன். ஆனால் ஒரே ஒரு தடவை அவள் வாயால் என் பெயரைக் கேட்டுவிட வேண்டும் என்று உள்ளுக்குள் எனக்கு ஆசை.

போன வருஷம் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட ஆரம்பித்தாள். பிறகு ஒருநாள் ரயிலில் வந்து மந்தைவெளியில் இறங்கியவள், வீட்டுக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுவிட்டாள். எதிர்வீட்டுக்காரர்தான் பார்த்துக் கூட்டிவந்தார். அடையாறில் ஒரு நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. கிழமை, மாதம், ஊர் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், “உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?” என்றார். இவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மறுபடி கேட்டார். தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் மறதிக் கணக்கில் சேர்த்துவிட்டார் போலிருக்கிறது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவள் என்றைக்குமே சொன்னதில்லை, அதை எப்படி மறதி என்பீர்கள் என்று சத்தம் போட்டேன். அந்தக் கோயில் அடையாளத்தையாவது சொல்லேன் என்று இவளிடம் கெஞ்சினேன். அதற்கும் சிரிப்புதான். தெரிந்தும் சொல்லவில்லையா, தெரியவே இல்லையா?

டாக்டர் பொறுமையாக விளக்கினார். மூளையில் சில புரதங்கள் படிய ஆரம்பித்தால் அதன் அடையாளம் ரத்தத்திலும் தெரியுமாம். மறதி முற்றுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாமாம். அது ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டோம், ஸ்கேனும் பார்ப்போம் என்றார். ரத்தம் எடுக்கும்போது இவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சர்க்கரைக்குப் பார்க்கிறார்கள் என்று நினைத்து, இனிமேல் அல்வா கிடையாதா என்று கேட்டாள்.

ரத்தமும் ஸ்கேனும் ஒன்றையே சொல்லின. ஆரம்பம்தான், மாத்திரை இருக்கிறது, நல்ல நாட்கள் இன்னும் இருக்கின்றன என்றார் டாக்டர். அன்று சாயங்காலம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லேன் என்று.

“போங்க. உங்களுக்கு ஆயுசு வேணாமா?” என்றாள்.

அப்பாடா என்றிருந்தது. அவளுக்குத் தெரிகிறது. அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

போன வாரம் பால் வாங்கக் கீழே இறங்கினேன். மாடியிலிருந்து அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி, வாய் நிறைய. நிமிர்ந்து பார்த்தேன்.

“தயிரும் வாங்கிட்டு வாங்க” என்றாள், எப்போதும்போல.

என் பெயர் அவளுக்கு நினைவிருக்கிறது. அதைச் சொல்லக் கூடாது என்பதுதான் மறந்துபோய்விட்டது. பாலும் தயிருமாக மேலே வந்தேன். மறுபடியும் பெயரைச் சொல்லித்தான் வாங்கிக்கொண்டாள். ‘ஏங்க’ என்று ஒரு தடவை கூப்பிடேன் என்று நான் எப்படிக் கேட்பேன்?