பத்தும் பத்தும் இருபது

என்னிடம் ஒரு காகிதத் துண்டு இருக்கிறது. எங்கள் தோட்டத்து உதவி மேலாளரான சின்னதொரை ஆங்கிலத்தில் எழுதிய ஒற்றை வரி: ‘தட்டுகளில் ஊற்றும் அசிட் நூறில் ஒரு பங்காக இருக்கவேண்டும்.’ தேதி ஜூன் 9. ஆண்டு இருந்த மூலையை அசிட் தின்றுவிட்டது. நான் அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்தேன். ஆகவே 1927 என்று கொள்கிறேன்.

இலங்கையில் நிவித்திகல பக்கம் ரப்பர் தோட்டம். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலையில் அசிட் கலப்பது அப்பாவின் வேலை. கண்ணாடிச் சாடியிலிருந்து ஒரு குவளை அசிட், ஒன்பது குவளை தண்ணீர்; அது முதல் பானை. அந்தப் பானையிலிருந்து ஒரு குவளை, மறுபடி ஒன்பது குவளை தண்ணீர். அது இரண்டாம் பானை. இதை அளந்து ஊற்றினால் தட்டுகளில் கிடக்கும் ரப்பர்பால் விடிவதற்குள் உறைந்து வெள்ளைப் பாளமாகிவிடும். வாசலில் நின்று அந்தத் தட்டு வரிசைகளைப் பார்ப்பேன். மலையிலிருந்து இறங்கிய மூட்டம் அங்கே படுத்து உறங்குவதாக எண்ணிக்கொள்வேன்.

புதிதாக வந்த சின்னதொரை, கலவையில் அசிட் எத்தனை பங்கு என்று அப்பாவிடம் கேட்டார். அப்பாவுக்குக் குவளை தெரியும், பங்கு தெரியாது. நாளை நூறில் ஒன்று இல்லாவிட்டால் பால்வெட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லிக் காகிதத்தைக் கொடுத்தாராம். அப்பாவுக்கு ஒரு கால் மடங்காது. மழையில் அந்தச் சரிவுகளில் ஏறி மரம் மரமாகப் பட்டை கீறிப் பால் எடுப்பது அவரால் ஆகாத காரியம்.

அன்று மாலை எங்கள் லயத்து வரிசை வீட்டில் என்னைக் கூப்பிட்டார்.

“பள்ளிக்கூடத்துப் புள்ள, நீ சொல்லு. ரெண்டாம் பானையில எத்தனையில ஒண்ணு இருக்கும்?”

“பத்தும் பத்தும் இருபது. இருபதுல ஒண்ணுப்பா.”

“நூறாக்கணுமே?”

“அதுல ஒரு குவளைக்கு இன்னும் நாலு குவளை தண்ணி ஊத்துங்க.”

நம்ம லயத்துலயே ஒரு தொரைசானி இருக்காளே என்று அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தார்.

மறுநாள் அப்பா மூன்றாவதாக ஒரு பானை வைத்தார். கலந்ததும் வழக்கம்போல ஒரு சொட்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். இன்னொரு சொட்டையும் வைத்துப் பார்த்தார். பிறகு வாசலில் இருந்த என்னைப் பார்த்துவிட்டு, தட்டுகளில் ஊற்றினார்.

விடிந்தபோது எதுவும் உறையவில்லை. மேலே மெல்லிய ஆடை, அடியில் பால். தட்டைத் தொட்டால் ஆடை அலைபோல எழுந்து மெதுவாக அடங்கியது. எனக்கு அது அழகாகத்தான் இருந்தது. தோட்டத்தின் ஒரு நாள் பால் முழுவதும் கெட்டுவிட்டது என்று தெரியவில்லை.

பத்தில் ஒன்றை மறுபடி பத்தில் ஒன்றாக்கினால் இருபதல்ல, நூறு. அப்பாவின் பழைய இரண்டாம் பானைதான் சின்னதொரை கேட்ட கலவை. அதை நான் ஐந்நூறில் ஒன்றாக்கிவிட்டேன். இதெல்லாம் ஐந்தாம் வகுப்பில்தான் விளங்கியது.

சின்னதொரை வந்து பானைகளை எண்ணினார். யார் கணக்கு என்று கேட்டார். நான் பெருமையோடு ஓரடி முன்னால் வைத்தேன். அப்பா கையை நீட்டி என்னைப் பின்னால் தள்ளினார்.

“என் கணக்குங்க, தொரை.”

அடுத்த திங்கள் முதல் அவர் பால்வெட்டுக்குப் போனார். நானோ, நான் போட்ட கணக்கை எல்லார் முன்னாலும் தன்னுடையதென்று சொல்லிவிட்டாரே என்ற ஆத்திரத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பயந்துபோய்ப் பேசாமல் இருக்கிறேன் என்று அப்பா நினைத்தாரா, உண்மைக் காரணத்தைக் கண்டுகொண்டாரா என்பதை இதுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.