புவனம் அக்கா ஜப்பானுக்குச் சொன்ன குறைகள்

புவனம் அக்கா காலமான செய்தி, நான் கந்தோர் வேலைக்குப் புறப்பட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. மேல்மாடியிலிருந்து அவருடைய கணவர் சின்னத்துரை அண்ணரே இறங்கி வந்து, "அக்கா போட்டா, தம்பி" என்றார். அடுத்து என்ன செய்வதென்று அக்காவிடம் கேட்கும் பழக்கத்தில் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார்.

சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தவர்கள் அவர்கள். மகன் ரமணன் ஜப்பானில் பொறியியலாளர் என்பது மீன்காரர் உட்பட எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். தெரியாமலிருக்க அக்கா விடவில்லை.

அந்த ரமணன் அங்கே ஹருகோ என்ற பெண்ணை விரும்பினான். அம்மா 'ஓம்' என்றால்தான் கலியாணம், பெண்ணின் தாயும் அம்மாவுடன் கதைக்க வேண்டுமாம் என்று அறிவித்தான். மாப்பிள்ளையே இடையில் நின்று கதைப்பது முறையில்லையாம்; ஜப்பானியக் கம்பனியொன்றில் வேலை பார்த்த பாவத்துக்கு நான் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். அக்காவும் அண்ணரும் நானுமாகக் காலி வீதித் தொலைபேசி நிலையத்துக்கு நடந்தோம். சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய், எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். "ஜப்பான்" என்றார் அக்கா. சிப்பாய் எங்கள் அடையாள அட்டைகளை இன்னொரு தரம் பார்த்தார்.

போகும் வழியில் பாடம் நடத்தினேன். பிறரிடம் பேசும்போது தன் தாயை 'ஹஹா' என்று எளிமையாகச் சொல்வார்கள், மற்றவரின் தாயை 'ஒகாசான்' என்று உயர்த்துவார்கள். "தாயைச் சிரிக்கிற மாதிரியோ சொல்லுறது?" என்று அக்கா முகம் சுளித்தார். ஆனாலும் இணைப்புக் கிடைத்ததும், "ஒகாசான்!" என்று தெஹிவளை வரை கேட்கக் கூப்பிட்டார்.

மறுமுனையில் ஒரே மகிழ்ச்சி. அடுத்து அந்த அம்மா சொன்னதை நான் அப்படியே தமிழாக்கினேன்: "என் மகள் ஒன்றும் தெரியாதவள். சமைக்கவும் வராது. உங்களுக்குத் தொல்லைதான் கொடுப்பாள்."

அக்கா ரிசீவரைக் கையால் பொத்தினார். "பெத்த தாயே இப்பிடிச் சொல்லுறா எண்டால் பெட்டையில ஏதோ குறை இருக்கு, தம்பி. இது சரிவராது."

"ஐயோ அக்கா, தங்கட வீட்டாரைத் தாழ்த்திச் சொல்லுறதுதான் அங்க மரியாதை. நீங்களும் ரமணனைக் கொஞ்சம் குறைச்சுச் சொல்ல வேணும்."

"என்ர பிள்ளையைக் குறை சொல்ல இந்த வாய் வராது."

ஒன்றும் சொல்லாவிட்டால் மரியாதை தெரியாத குடும்பம் என்று கலியாணம் குழம்பிவிடும் என்றேன். அக்காவின் பார்வை, கதிரையில் நிம்மதியாகப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அண்ணரிடம் போய் நின்றது.

"இவரைச் சொல்லலாமோ?"

சொல்லலாம் என்றதுதான் தாமதம். "மீன் வாங்க விட்டால் பேப்பரோட வருவார். ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. குறட்டையைக் கேட்டால் ஷெல் எண்டு நினைச்சு எழும்புவம்..." நான் மூச்சு வாங்கி மொழிபெயர்த்தேன். மறுமுனையில் பெரிய சிரிப்பு. பிறகு அந்த அம்மா குரலைத் தாழ்த்தித் தன் கணவரைப் பற்றித் தொடங்கினார். என் நாக்கு உலர்ந்துவிட்டது. "கெதியா முடியுங்கோ" என்று அண்ணர் பக்கத்தைப் புரட்டினார். கடைசியில் அக்கா சொன்னார்: "நல்ல சனம், தம்பி. ஓம் எண்டு சொல்லும்."

செத்தவீட்டுக்கு ஹருகோவின் அம்மா ஜப்பானிலிருந்து தொலைபேசி எடுத்தார். "எங்கள் அக்காவால் உங்கள் எல்லோருக்கும் எவ்வளவோ தொல்லை. பொறுத்துக்கொண்டதற்கு நன்றி" என்றார். அங்கே இப்படிச் சொல்வது இறந்தவரின் சொந்த வீட்டார்தான். அண்ணருக்கு மொழிபெயர்த்தேன். "ஓம், சரியான தொல்லைதான்" என்றவர் விம்மி விம்மி அழுதார்.

நினைவு மலருக்கு அக்காவின் பெருமைகளை எழுதித் தரும்படி கேட்டார்கள். பெருமை பேச நான் பிறத்தியான் அல்லவே. சொந்த வீட்டானாகக் குறை சொல்ல அவர் எனக்கு விட்டுப்போன உரிமையை நான் வைத்துக்கொள்கிறேன். எனவே, அவரை அறிந்தவர்களே, எங்கள் புவனம் அக்கா வாய் ஓயாதவர், பிடிவாதக்காரி, உங்களை நிறைய அலைக்கழித்துவிட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள்.