தகர மூடியில் ஓர் ஓட்டை

ஒவ்வொரு குச்சியையும் தகர மூடியின் ஓட்டைக்குள் விட்டு இழுக்கிறார் தைலம்மாள். நுழைந்தால் வலப்பக்கம், சிக்கினால் இடப்பக்கம். இடப்பக்கம் குவிந்து கிடக்கிறது. "இது ஊதுவத்திக் குச்சியா, பந்தக்காலா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்கிறார். கூட வேலை செய்யும் நாங்கள் ஐந்து பேரும் குனிந்து மாவு பிசைகிறோம்.

வடக்கனந்தலில் எங்கள் ஊதுவத்திக் கொட்டகை. குச்சியில் மாவு பூசும் இரண்டு மிஷின்களில் பெரியதைத் தைலம்மாள் ஓட்டுகிறார். ஐம்பதைத் தாண்டியவர். மனிதர்களை வாடா போடா என்பார். மிஷினுக்கு மட்டும் மரியாதை. "சாப்டுங்க, இன்னா நோவு உங்களுக்கு?" என்று அதன் தலையில் தட்டுவார். காலையில் ஒரு வத்தியை அதற்கு ஏற்றிக் காட்டிய பிறகுதான் சுவிட்சைத் தொடுவார். ஆணியால் அவரே ஓட்டை போட்ட அந்த மூடி, சோறு தின்னும்போதும் கயிற்றில் கழுத்தில் தொங்கும். எங்களைத் தொட விடமாட்டார்.

முன்பெல்லாம் குச்சி முழுவதும் வியட்நாமிலிருந்துதான் வரும். கப்பல் குச்சி என்போம். கணுவே இருக்காது, எல்லாம் ஒரே பருமன். போன வருடம் கப்பல் வராமல் நான்கு மாதம் கொட்டகை பூட்டிக் கிடந்தது. தைலம்மாள் கரும்புக்குக் களையெடுக்கப் போனார். அன்றைக்குப் பிடித்த இடுப்பு இன்னும் விடவில்லை. எழும்போதெல்லாம் "ஆண்டவா" என்றுதான் எழுகிறார்.

"இனிமே ஒரே நாட்ட நம்பிக்கினு இருக்க முடியாதுக்கா. நம்ம மலையிலயே மூங்கி இருக்குது" என்றார் முதலாளி காசிநாதன். கல்வராயன் மலையில் மூங்கில் வெட்டும் வேடியப்பன் குச்சி சீவித் தர ஒப்புக்கொண்டார். கட்டுக் கட்டாகப் பஸ் மேல் ஏறி வந்தது மலைக்குச்சி. ஒன்று கனம், ஒன்று மெலிசு, நடுவில் கணு. மிஷின் நிமிடத்துக்கு நான்கு தரம் நின்றது. வேடியப்பனைக் கேட்கலாமென்றால் மலையில் போன் சிக்னல் எடுப்பதில்லை. மூன்று வாரம் இப்படியே போனது.

நேற்று காசிநாதன் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமைக்குள்ள இந்தக் குச்சி ஓடலன்னா மிஷின வித்துடுவன்கா." அவரையும் குறை சொல்ல முடியாது. மிஷின் போனால் மறுபடி கரும்புக் களைதான். தைலம்மாளின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

இன்று வேடியப்பன் புதுக் கட்டோடு தானே இறங்கி வந்தார்.

"ஏன்டா, அளவுக்குன்னு ஒரு வத்தி குடுத்தனுப்புனனே, இன்னா பண்ண அத்த?"

"கரியராமன் கோயில்ல ஏத்திட்டன்க்கா."

"அளவு பாக்கத்தான்டா குடுத்தன்!"

"சாமிக்கு ஏத்தறத கத்தி பக்கத்துல வெச்சிக்கினு அளக்கச் சொல்றியா? மனசு வல்லக்கா. ஞாபகத்துல சீவுனன்."

"ஞாபகத்துல! மூணு வாரம்! அடிக்குச்சியாவது மிஞ்சி இருக்குமே?"

"பூசாரி பெருக்கித் தள்ளிட்டாரு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா நல்ல வாசனக்கா" என்றார்.

தைலம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். சாமிக்கு ஏற்றியவரை என்னவென்று திட்டுவது? பிறகு கழுத்துக் கயிற்றைக் கழற்றி, மூடியை வேடியப்பனின் கழுத்தில் மாட்டினார்.

"இதுல நொழையறத மட்டும் கொண்டா. தகரம்டா இது, எந்தச் சாமிக்கும் எரியாது. கெளம்பு, பஸ்சு போயிடும்."

அவர் போனதும் அளவு பார்க்க மூடியில்லை. தைலம்மாள் காதுக்குக் கையைக் கொண்டுபோய்க் கம்மலின் திருகைக் கழற்றினார். கம்மலை முந்தானையில் முடிந்துகொண்டு, வலப்பக்கக் குச்சி ஒன்றைத் திருகின் துளைக்குள் விட்டு இழுத்துப் பார்த்தார்; அளவு சரியாக இருந்தது. பிறகு வேடியப்பனின் புதுக் கட்டை மடிக்கு இழுத்து அவிழ்த்தார்.