காதுவலிக்குச் சொல் இல்லாத வீடு

கோவை பீளமேட்டில், எங்கள் மொழிக்குழுவின் அமைப்பாளர் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டில் எல்லாப் பொருள்மீதும் மஞ்சள் காகிதத்தில் ஒரு சொல் ஒட்டியிருக்கும். கதவில் ‘கெலோ’. தண்ணீர்க் குடத்தில் ‘தூமி’. நாற்காலி, கண்ணாடி, ஃப்ரிட்ஜ், பின்னாளில் வந்த குழந்தையின் தொட்டில் எதுவும் தப்பவில்லை. அது உலகத்தில் எவரும் பேசாத மொழி. அமைப்பாளரே உட்கார்ந்து செய்தது. முதன்முதலில் அந்த வீட்டுக்குள் நுழைந்த அன்று எனக்குப் புல்லரித்தது. ஒரு மேதையின் வீட்டுக்குள் நிற்கிறேன் என்று நினைத்தேன். பதினைந்து வருடம் கழித்து அதை எழுதும்போது கை கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே ஏழெட்டுப் பேர் கூடுவோம். மொழி ஆர்வலர்கள் என்று எங்களை நாங்களே சொல்லிக்கொள்வோம். வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், சொந்தமாக எழுத்துரு வரைந்துகொண்டிருந்த கல்லூரி மாணவர் ஒருவர், மோட்டார் பம்புகளுக்குத் தமிழில் கையேடு எழுதிப் பிழைத்த நான், இன்னும் சிலர். ‘வாழ்த்துகள்’ சரியா ‘வாழ்த்துக்கள்’ சரியா என்று ஒரு முழுக் காலையைத் தின்றிருக்கிறோம். வங்கி அதிகாரி தன் பேத்தியின் காதுகுத்து அழைப்பிதழைக் கொண்டுவந்து நீட்டினார். ஒருவர்கூடக் குழந்தையைப் பற்றிக் கேட்கவில்லை. மூன்றாவது வரியில் ஓர் ஒற்று விடுபட்டிருந்ததைக் கண்டுபிடித்து அவரை வறுத்தெடுத்தோம். அவரும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். அறிவு வளர்கிறது என்று எல்லோரும் நம்பினோம்.

அமைப்பாளர் ஒரு மில்லில் பொறியாளர். ஒரு பொருளுக்கு ஒரே சொல், ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், விதிவிலக்கே கிடையாது, மரியாதை விகுதி கிடையாது என்பவை அவருடைய மொழியின் அடிப்படைகள். “இயற்கை மொழிகள் எல்லாம் குப்பை சேர்ந்த ஓடைகள்” என்பார். கொங்குப் பேச்சைக் கேட்டாலே அவருக்கு முகம் சுளிக்கும். அவருடைய ஊர் பொள்ளாச்சிப் பக்கம்தான். அந்த நாக்கைத் தேய்த்துத் தேய்த்து வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போல ஆக்கி வைத்திருந்தார். அந்த மொழிக்கு ஒரு பேர் வைக்க நாங்கள் எட்டு மாதம் விவாதித்தோம். கடைசிவரை வைக்கவில்லை.

இதெல்லாம் வெறும் கிறுக்குத்தனமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவருக்கு மகள் பிறந்தபோது, அந்தக் குழந்தையைத் தன் மொழியில் மட்டுமே வளர்ப்பதென்று முடிவெடுத்தார். தாய்மொழியாகத் தன் மொழியைக் கொண்ட உலகின் முதல் மனிதப்பிறவி என்று எங்கள் முன்னால் அறிவித்தார். நாங்கள் கை தட்டினோம். குழந்தை சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் எண் போட்டுக் குறித்துவைக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. அதற்காக நான் பெருமைப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் மனைவிக்குச் சத்தியமங்கலத்துக்குப் பக்கம் ஊர். பி.காம் படித்தவர். கல்யாணமான புதிதில் நாங்கள் போனால் “வாங்க, உக்காருங்க, காப்பி குடிக்கறீங்களா, டீ வெக்கட்டுங்களா” என்று நாலு வார்த்தைக்கு நாலு ‘ங்க’ போட்டுப் பேசுவார். குழந்தை பிறந்த பிறகு வீட்டுக்குள் தமிழ் கூடாதென்று அமைப்பாளர் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் இருநூறு சொற்களை மனப்பாடம் செய்தார். ஆனால் அந்த மொழியில் ‘குடி’ என்று சொல்லலாம், ‘குடிங்க’ என்று சொல்ல வழியில்லை. வீட்டுக்கு வந்த மனிதர்களைப் பார்த்து ‘குடி’ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். “அவளுக்குக் கற்றல் திறன் குறைவு” என்று அமைப்பாளர் எங்களிடம் விளக்கினார். அந்த அம்மாள் சமையலறை வாசலைத் தாண்டியிருக்கக்கூட மாட்டார். நாங்கள் புரிந்ததுபோலத் தலையாட்டினோம்.

குழந்தைக்கு மூன்று வயது நெருங்கியிருந்த ஒரு ஞாயிறு. ‘சுவரில்’, ‘சுவற்றில்’ என்று சண்டை சூடாக நடந்துகொண்டிருந்தது. பாப்பா உள்ளறையிலிருந்து தட்டுத்தடுமாறி வந்தாள். முகம் சிவந்து கிடந்தது. இடது காதை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு அப்பாவின் முழங்காலில் சாய்ந்து முனகினாள். அமைப்பாளர் அவள் கையை விலக்கி, சரியான வாக்கியமாகச் சொல்லும்படி அவருடைய மொழியில் கேட்டார். அந்த மொழியில் வலிக்குச் சொல் கிடையாது. அவர் இன்னும் அந்த இடத்துக்கு வந்திருக்கவில்லை. வண்ணங்கள், வடிவங்கள், எண்கள் முடிந்து, உணர்வுகள் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் இருந்தன. குழந்தை சற்று நேரம் விழித்தாள். பிறகு காதைத் தொட்டுக்காட்டி, “கெலோ… கெலோ… பட்டா” என்றாள். கதவு, கதவு, அடி. யாரோ கதவை அடிக்கிறார்கள் என்கிறாள்.

அமைப்பாளர் எழுந்து நின்றுவிட்டார். “உருவகம்! யாரும் சொல்லித்தராமல் தானாகவே உருவகம் செய்கிறாள்!” என்று கத்தினார். அறை முழுக்கக் கலகலத்தது. காதைக் கதவு என்று சொன்னது ஆகுபெயரா உருவகமா என்று வங்கி அதிகாரி கேட்டார். மாணவர் அந்த வாக்கியத்தைத் தன் எழுத்தில் எழுதிக் காட்டினார். நான் ‘நானூற்றுப் பதினொன்று’ என்று எண் போட்டு, பக்கத்தில் நட்சத்திரக் குறி வரைந்தேன். படித்த பெரிய மனிதர்கள் ஏழு பேர், எங்கள் கால்களுக்கு நடுவே ஒரு குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், ஒருவருக்கும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள் என்று நான்தான் கேட்டேன்.

சமையலறையிலிருந்து அந்த அம்மாள் ஓடி வந்தார். கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டே குழந்தைக்கு முன்னால் மண்டியிட்டார்.

“ஏங் கண்ணு, காது நோவுதா?”

“நோவுதுங்கம்மா. ரொம்ப நோவுதுங்கம்மா.”

அவ்வளவு தெளிவாக, ‘ங்க’ போட்டு, மூன்று வயதுக் குழந்தை பேசியது. அமைப்பாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. காய்ச்சலைப் பற்றி அவர் கேட்கவில்லை. “இது எங்கிருந்து வந்தது? எப்போது சொல்லிக்கொடுத்தாய்?” என்று கேட்டார். ஆத்திரத்தில் தமிழில்தான் கேட்டார்.

“குளிக்க வெக்கறப்பங்க” என்றார் அந்த அம்மாள். குரலில் பயமில்லை. “கொழாயத் தொறந்து உட்டுப்போட்டுப் பேசுவமுங்க. தண்ணி சத்தத்துல உங்குளுக்குக் கேக்காதுங்க.”

இரண்டு வருடமாக ஒரு தாய் தன் குழந்தையோடு திருட்டுத்தனமாகக் குளியலறையில் பேசியிருக்கிறாள். இதைக் கேட்டதும் ஒரு மனிதன் என்ன செய்திருக்க வேண்டுமோ அதை எங்களில் ஒருவரும் செய்யவில்லை. நான் பேனாவைப் பிடித்தபடி, “சார், ‘நோவுது’ங்கறதை எந்தப் பட்டியல்ல சேர்க்கட்டும்?” என்று கேட்டேன். அந்த அம்மாள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். காலில் ஒட்டியதை என்னவென்று குனிந்து பார்ப்பதுபோல ஒரு பார்வை. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். கீழே ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

காதுக்குள் சீழ் பிடித்துச் சவ்வு கிழிந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. மருத்துவமனையிலிருந்து அந்த அம்மாள் நேராகச் சத்தியமங்கலத்துக்கு பஸ் ஏறிவிட்டார். திரும்பி வரவில்லை. அடுத்த கூட்டத்தில் அமைப்பாளர், புறக்கலப்பால் சோதனை கெட்டுப்போனது என்று அறிக்கை வாசித்தார். நாங்கள் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டோம். அந்தத் தீர்மானத்திலும் ஒற்றுப்பிழை திருத்தினோம். மனசாட்சி உறுத்தி நான் அன்றே விலகினேன் என்று எழுத ஆசைதான். அது பொய். மேலும் நாலு மாதம் போனேன். கடைசியில் விலகியதுகூட, ஓர் எழுத்துப் பிழையை நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டார்கள் என்ற ரோசத்தில்தான். அமைப்பாளர் இப்போது இணையத்தில் காணொளி போடுகிறார். மொழியும் குழந்தை வளர்ப்பும் என்று ஒரு வரிசை. பார்ப்பவர்கள் கீழே கும்பிடு போடுகிறார்கள்.

போன மாதம் ஒரு வேலையாகச் சத்தியமங்கலம் போயிருந்தேன். பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு பழக்கடையில் அந்த அம்மாளைப் பார்த்தேன். தலையில் நரை. பக்கத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம், டீச்சர், யாரோ ஒரு தோழி, அவளுடைய நாய்க்குட்டி என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினாள். கடைக்காரர் ஏதோ கேட்டபோது மட்டும் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுத்தாள்.

நான் போய் முன்னால் நின்றேன். என்ன சொல்வதென்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்திருந்ததுபோல எனக்குள் வாக்கியங்கள் நிறைய இருந்தன. மன்னிப்பை எப்படித் தொடங்குவது என்றுகூடத் தெரியும். பிழையில்லாமல் எழுதித் தரச் சொன்னால் தந்திருப்பேன். “அம்மா, என்னைத் தெரியுதுங்களா?” என்பது மட்டும்தான் வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். தெரிந்துகொண்டார். முகம் மாறவேயில்லை.

அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டு, “இவிங்க யாருங்கம்மா?” என்றாள்.

“வழி கேக்கறாங்க, அம்மணி” என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, அதே பழைய மரியாதையோடு கையை நீட்டிக் காட்டினார். “நேராப் போயிப் பாலத்தைத் தாண்டிப் போங்க.”

நான் வழி எதுவும் கேட்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு வேலையும் இல்லை. இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் நடந்து, பவானி ஆற்றைத் தாண்டினேன்.