எட்டு இட்லியும் ஒரு வெள்ளைக் கட்டியும்

அறுபதுகளின் தொடக்கம். மே மாதம், கோடைக்கானலில் சீசன் உச்சத்தில் இருந்த நேரம். வந்திருந்த கூட்டத்தை நம்பி, ஏரிக்கு மேலே ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எடை தூக்கும் போட்டி வைத்தார்கள். பழனியிலிருந்து நான் போனது அதிக எடைப் பிரிவுக்கு. சுமார் இருநூறு பவுண்டுக்கு மேல் உள்ள யாரும் அதில் நிற்கலாம்; மேலே வரம்பு கிடையாது. எனக்கென்றே அளவெடுத்துச் செய்த பிரிவு என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போது என் எடை இருநூற்று முப்பது பவுண்டு. எங்களுக்கு அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை, அண்ணன் பேரில். வாழைத்தாரும் சர்க்கரை மூட்டையும் ஏற்றி இறக்கியே தோள் திரண்டது. மிச்சத்தைப் பஞ்சாமிர்தம் பார்த்துக்கொண்டது. இரண்டு வருடமாக ஜில்லாவில் என்னை ஜெயிக்க ஆளில்லை. தலைக்கனம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. உடம்பு முழுக்கக் கனம் இருக்கும்போது தலையில் மட்டும் இல்லாமல் போகுமா?

அந்த முறை கோப்பை மட்டும் விஷயமில்லை. மதுரையில் ஒரு மில்லில் விளையாட்டுக்காரர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிரிவில் ஜெயிக்கிறவருக்கு வேலை என்று சொல்லி, மேனேஜரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் அப்பா, "அண்ணன் கடையில நிக்கிற ஆளுக்கு எதை நம்பிங்க பொண்ணக் குடுக்கிறது?" என்று என் வீட்டிலேயே கேட்டுவிட்டுப் போயிருந்தார். ஆனி மாதத்துக்குள் நிரந்தர வேலை வேண்டும், இல்லையென்றால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். அந்தப் பெண் எனக்கு ரொம்பப் பிடித்த பெண்.

மத்தியானம் எடை பார்க்கும்போதுதான் போட்டிக்காரரைப் பார்த்தேன். மற்றவர்களெல்லாம் பேருக்கு வந்தவர்கள். கணக்கில் எடுக்க வேண்டிய ஆள் அவர் ஒருவர்தான். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், என் வயதுதான் இருக்கும். கோஸ் ஏற்ற வந்த லாரியில் முந்தின நாளே மேலே வந்துவிட்டாராம். தராசு முள் எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், மில் வேலை கிடைத்தால் முதுகு பிழைக்கும் என்று அவராகவே சொன்னார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "மூட்டை தூக்குற சோலியில்லைங்க இது, வித்தை இருக்கு" என்றேன். அவர் கோபப்படவில்லை. "அப்ப ஒங்களப் பாத்துக் கத்துக்கிட்டுப் போறேங்கண்ணே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

என் வித்தையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பி வழுக்காமல் இருக்கக் கையில் பூசிக்கொள்ள மக்னீசியம் என்று ஒரு வெள்ளைக் கட்டி உண்டு. அன்றைக்கு அது பட்டணத்து ஆட்களிடம்தான் இருக்கும். பழனியில் எங்களுக்குத் திருநீறு. தேகப்பயிற்சிச் சாலையில் ஒரு சிரட்டை நிறைய வைத்திருப்போம். நெற்றியில் கொஞ்சம், உள்ளங்கையில் நிறைய. முருகனைக் கும்பிட்ட மாதிரியும் ஆயிற்று, பிடியும் கிடைத்தது. எங்கள் ஊர் வெயிலில் அது ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை.

முதல் தூக்கு, மார்பிலிருந்து தலைக்கு மேல் தள்ளுவது. அதில் நான் பத்து பவுண்டு முந்திவிட்டேன். மேனேஜர் குறிப்பெடுப்பதைக்கூடப் பார்த்துவைத்தேன். அடுத்தது ஸ்னாட்ச். தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் போக வேண்டும். முழுக்கப் பிடியை நம்பிய தூக்கு. அந்த நேரம் பார்த்து ஏரிப் பக்கமிருந்து மேகம் எழும்பி மண்டபத்துக்குள்ளேயே வந்துவிட்டது. கம்பி நனைந்து சில்லிட்டது.

இருநூற்று இருபது பவுண்டு. பழனியில் விளையாட்டாகத் தூக்குகிற எடை. இழுத்தேன், பாதியிலேயே விரலை விட்டு நழுவிப் போய்விட்டது. இன்னும் ஒரு கை திருநீறு அள்ளிப் பூசிக்கொண்டு இரண்டாம் தடவை போனேன். கம்பி தலைக்கு மேல் ஏறியது, வலது கை வழுக்கியது, அத்தனை இரும்பும் என் பிடரியை உரசிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் விழுந்தது. ஒரு விரற்கடை முன்னால் விழுந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். உள்ளங்கையைப் பார்த்தேன். ஈரத்தில் திருநீறு குழைந்து, சந்தனம் மாதிரி வழவழவென்று இருந்தது. பூசப் பூச வழுக்கியிருக்கிறது, எனக்குத்தான் புரியவில்லை.

மூன்று வாய்ப்பும் தவறினால் போட்டியை விட்டே வெளியே. துண்டில் கையைத் துடைத்தேன், அவிழ்த்து வைத்திருந்த வேட்டியில் துடைத்தேன், ஈரம் போகவில்லை. பெண்ணின் அப்பா முகம் கண் முன்னால் வந்து நின்றது. என்னுடன் வந்திருந்த பூக்கடை நண்பன் டப்பாவைத் திறந்து இன்னும் திருநீறு நீட்டினான். அவனுக்கு நம்பிக்கை போகவில்லை.

அப்போதுதான் ஒட்டன்சத்திரத்துக்காரர் பக்கத்தில் வந்தார். இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டி. எந்தப் பட்டணத்து வீரரோ விட்டுப் போனதைப் பத்திரமாக வைத்திருந்தாராம்.

"அந்தத் தின்னூறக் கழுவிட்டு இதப் போடுங்கண்ணே. வெரசா, பேரக் கூப்பிட்டுட்டாங்க."

நண்பன் என் தோளைப் பிடித்து இழுத்தான். "ஏலே, வாங்காத. ஒன்னயக் கவுக்க என்னத்தக் கலந்து வச்சிருக்கானோ!"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அதே சந்தேகம்தான் வந்தது. நான் வெளியே போனால் வேலை அவருக்கு. பிறகு எதற்காகக் கொடுக்கிறார்? நான் தயங்குவதை அவர் பார்த்தார். கட்டியை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைத் தன் கையிலேயே தேய்த்துக் காட்டினார். மறு பாதியை என்னிடம் நீட்டினார். வாளித் தண்ணீரில் கையைக் கழுவித் துடைத்து, அதைப் பூசிக்கொண்டு ஓடினேன்.

கம்பி கையோடு ஒட்டிக்கொண்டது. ஒரே இழுப்பு. தூக்கு சரி என்று மூன்று நடுவர்களின் வெள்ளை விளக்கும் எரிந்தன. கூட்டத்தில் முதலில் கை தட்டியது யார் என்று திரும்பிப் பார்த்தால், அவர்.

அவர் ஸ்னாட்சில் இருநூற்று முப்பது தூக்கினார். ஆக, இருவரும் சமம். கடைசித் தூக்கிலும் இருவரும் இருநூற்றுத் தொண்ணூறு. முந்நூறுக்கு இருவருமே முட்டிப் பார்த்தோம், இருவருக்கும் வரவில்லை. மொத்தமும் சமமாகவே முடிந்தது.

சமமானால் உடல் எடை குறைந்தவருக்கே வெற்றி என்பது விதி. அதிக எடைப் பிரிவில் அது யாருக்கு ஞாபகம் இருக்கும்? நடுவர் மத்தியானத்துக் குறிப்பைப் புரட்டினார். நான் அவரைவிட அரை பவுண்டு குறைவு! அதற்கு என் சாமர்த்தியம் காரணமில்லை. முதல் பஸ்ஸில் வெள்ளனே கிளம்பி, வத்தலக்குண்டில் மாறி, மலை ஏற ஏற ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவன் நான். ஜில்லாவையே நடுங்கவைத்த வீரன் அன்று வெறும் வயிற்றோடு தராசில் ஏறியதால் சாம்பியன் ஆனான்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எதுக்குண்ணே தலையத் தொங்கப் போடுறீங்க? கட்டியக் குடுத்ததால நான் தோக்கல. காலைல குளுருதேன்னு எட்டு இட்லி தின்னேன் பாருங்க, அதுலதான் தோத்தேன்" என்று சொல்லிச் சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை. வெங்காய லோடு காத்துக்கிடக்கிறது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கீழே இறங்கும் லாரியைப் பிடிக்கப் போய்விட்டார்.

மேனேஜர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "இவரையும் எடுத்துக்கங்க சார்" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. எங்கே வேலையை அவருக்கு மாற்றிவிடுவாரோ என்று பயந்து முழுங்கிவிட்டேன்.

ஆனியில் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு பல வருடம் மாநிலத்தில் நான்தான். கட்டி இல்லாமல் தவித்தவர்களுக்குக் கட்டி கொடுத்திருக்கிறேன், பெல்ட் அறுந்தவருக்கு என் பெல்ட்டை அவிழ்த்துக் கொடுத்திருக்கிறேன். பெரிய மனசுக்காரர் என்றுகூட என்னைச் சொல்வார்கள். ஆனால் அதெல்லாம் வேலையும் பெண்டாட்டியும் கோப்பையும் கைக்கு வந்த பிறகு நான் கொடுத்தவை; எல்லாமே கைநழுவிப் போகலாம் என்று தெரிந்தும் கொடுத்தவர் என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான், அவர் இடத்தில் அன்று நான் இருந்திருந்தால் அந்தப் பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்திருக்கவே மாட்டேன்.