பொட்டுக்குப் பின்னால் போன முள்

அந்த வண்டிக்கு டர்போ மாட்டியபோது எனக்குச் சந்தோஷம்தான். செமினிக்கு அப்பால் மலையை வெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்த ஆட்களுக்கு, செராஸில் எங்கள் வீட்டு அடுப்பில் சமைத்து மதியச் சாப்பாடு கொண்டுபோவேன். அதே வண்டியில் என் வீட்டுக்காரர் அந்த வேலைக்கு வேண்டிய டீசல் பீப்பாய்களை ஏற்றிக்கொள்வார். நாலு சக்கரமும் இழுக்கும் பழைய ஃபோர்வீல் அது. மேட்டைக் கண்டால் முக்கும், முனகும், கரும்புகை கக்கும். என் குழம்பு ஆறிப்போய்த்தான் மேலே போய்ச் சேரும்.

கிள்ளானில் ஒரு ஒர்க்‌ஷாப்பில்தான் மாட்டினோம். அங்கிருந்த ஃபோர்மேன் ஸ்டியரிங் பக்கத்தில் வட்டமாக ஒரு மீட்டரும் வைத்துக் கொடுத்தார். டர்போ என்ஜினுக்குள் எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தள்ளுகிறதென்று அதன் முள் காட்டும்.

"அண்ணே, பத்துதான் கணக்கு. அதுக்கு மேல ஏத்தாதீங்க. இது டர்போவுக்குன்னு செஞ்ச என்ஜின் இல்ல. ரொம்ப அழுத்துனா டர்போவுல எண்ணெய அடைக்கிற சீல் பிச்சுக்கும். அப்புறம் என்ஜின் தன்னோட எண்ணெயையே குடிச்சிக்கிட்டு ஓடும். சாவிய உருவுனாலும் நிக்காது லா."

"சாவிய உருவுனா எந்த வண்டியும் நின்னுதானே ஆவணும்?" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர்.

ஃபோர்மேன் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "அக்கா, வளைவுல அண்ணே ரோட்டத்தான் பாக்கணும். முள்ள நீங்க பாத்துச் சொல்லுங்க," என்றார்.

அன்றிலிருந்து அது என் வேலையானது. குக்கர் விசிலை எண்ணுகிற மாதிரி, ஏழு, எட்டு, ஒன்பது என்று சொல்லிக்கொண்டே வருவேன். ஒன்பது என்றதும் அவர் காலைத் தளர்த்துவார். கல்யாணமான நாள் முதல் அந்த மனுஷன் என் பேச்சைக் கேட்டது அந்த மேட்டில் மட்டும்தான்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. என் மாமியார் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து டயருக்கு, ஸ்டியரிங்குக்கு, கியருக்கு என்று சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். மீட்டரின் கண்ணாடியிலும் கட்டை விரலால் ஒன்று வைத்தார். சரியாகப் பத்துக்கு மேலே உள்ள எண்கள் எல்லாம் அதில் மறைந்துபோயின. நான் துணியை எடுத்தேன்.

"ஏன்டி, தாலி கட்டிக்கிட்டவ பொட்ட அழிப்பாளா?" என்றார் மாமியார். கை அப்படியே நின்றுவிட்டது. மீட்டரும் வேண்டாம், மலையும் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லியிருப்பேன், சொன்னால் வீட்டில் யார் கேட்கப்போகிறார்கள்?

சந்தனம் காய்ந்து கெட்டியாகிவிட்டது. மேட்டில் முள் ஏறும், பொட்டுக்குப் பின்னால் போகும், எங்கே நிற்கிறதென்று தெரியாது.

"பொட்டுக்குள்ள போயிருச்சுங்க."

"சாமிகிட்டதானே போயிருக்கு, விடு," என்பார்.

அந்தச் சமயத்தில்தான் இன்னொருவருடைய புது ஃபோர்வீல் எங்கள் வேலைக்கே வந்தது. மேட்டில் ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும். அது என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் காலை நான் சோற்றுப் பானைகளைத் தூக்கிக்கொண்டு வந்தால், பானெட் திறந்திருக்கிறது, அவர் கையில் ஸ்குரூ டிரைவர். டர்போவிலிருந்து போகும் மெல்லிய ரப்பர் குழாயின் நடுவே இருந்த சின்னத் திருகைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"காத்த கொஞ்சம் கூட்டியிருக்கேன். நீ பேசாம ஏறு."

எவ்வளவு என்று கேட்டேன். பானெட்டை அடித்துச் சாத்தினார்.

வண்டி பறந்தது. நான் பொய் சொல்லக்கூடாது, பறந்தது. டர்போவின் விசில் மட்டும் முன்பைவிட மெலிந்து, பல் கூசுகிற மாதிரி கேட்டது. சில நாள் கழித்து வண்டியில் எண்ணெய் தீய்கிற நாற்றம் வர ஆரம்பித்தது. சொன்னேன். உன் சாம்பார் நாற்றம் என்றார்.

மழை விட்டிருந்த ஒரு மதியம், நிறைய பீப்பாய்களோடு அந்த மேட்டில் ஏறினோம். கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் ரோடே தெரியவில்லை. வெள்ளையும் நீலமுமாக ஒரே புகை. இனி எந்தச் சாமிக்குப் பயப்படுவது? பொட்டின் மேல் நகத்தை வைத்துச் சுரண்டினேன்.

"அழிக்காதடி!"

முள் பதினெட்டில் நின்றது.

பதினெட்டு என்று நான் சொன்னதும் காலை எடுத்துவிட்டார். என்ஜின் வேகம் இறங்கவில்லை. இன்னும் ஏறியது. கிளட்ச்சை மிதித்தார், அலறியது. சாவியை உருவி என்னிடம் காட்டினார். சாவி அவர் கையில் ஆடுகிறது, என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் முகத்தில் அப்போது இருந்த குழந்தைப் பயத்தை நான் மறக்கவில்லை. பானெட்டுக்குள் ஏதோ வெடித்தது. சட்டென்று அமைதி. என்ஜின் செத்ததும் பிரேக்கும் மிதித்தால் அமுங்காமல் கல்லாகிவிட்டது. வண்டி பின்னாலேயே உருண்டு அவர் பக்கமாக மலைச்சுவரில் மோதியது. எனக்குச் சோறும் குழம்பும் மேலே கொட்டியதோடு சரி. அவருடைய வலது கால் நசுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள். மாமியார் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "பொட்ட அழிச்சா வேற என்ன ஆவும்?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். திருகைச் சுற்றிய கை போர்வையின் மேல்தான் கிடந்தது.

"நான் அழிக்காதன்னுதான் சொன்னேன்," என்றார்.

எல்லோரும் போன பிறகு, "காத்தக் கூட்டுனது யாருன்னு உங்க அம்மாகிட்ட சொல்லுங்க," என்றேன்.

"இப்ப அதெல்லாம் எதுக்கு லா," என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அடி வாங்கியிருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது.

கால் ஒருவழியாகக் கூடியது. நொண்டிக்கொண்டே போய் இன்னொரு ஃபோர்வீல் வாங்கினார், அதற்கும் டர்போ, அதற்கும் ஒரு மீட்டர். பூஜைக்கு மாமியார் பொட்டும் வைத்தார். மலைக்குப் போன முதல் நாள் என் வீட்டுக்காரர் முன் கதவைத் திறந்துவிட்டு, "ஏறு, முள்ளப் பாத்துச் சொல்லு," என்றார்.

நான் பின்னால் போய்ப் பானைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். அங்கிருந்து அவருடைய பிடரி மட்டும்தான் தெரியும்.

மேடு வந்தது. விசில் மெலிந்துகொண்டே போனது.

"எவ்வளவு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை.